ஒற்றை மணியும் ஐந்தாவது கல்லும்

மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் தென்றல் வீட்டுக்கு வழி கேட்டால், "குண்டு கல்லு கெடக்குமே, அந்த வூடு" என்பார்கள். வாசலில் ஐந்து உருண்டைக் கற்கள் வரிசையாகக் கிடக்கும். நாற்பது கிலோவில் தொடங்கி எண்பத்தைந்தில் முடியும். மேஸ்திரி சம்பங்கி சிமெண்டும் ஜல்லியும் பழைய இரும்புத் துண்டும் போட்டு வார்த்துக் கொடுத்தவை. ஐந்தாவது கல்லுக்கு மட்டும் தெருவே கூடிப் பெயர் வைத்திருந்தது: துரை. இருந்த இடத்தை விட்டு அசையாமல் எல்லாரையும் வேலை வாங்குகிறதல்லவா, அதனால்.

தென்றலுக்கு முப்பத்தெட்டு வயது. பார்த்தால் பயில்வான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் முண்டியடித்து ஏறி, ஒயிட்ஃபீல்டில் இறங்கி, ஒரு டைல்ஸ் கிடங்கில் பெட்டி அடுக்குவாள். பதினோரு வருடமாக அதுதான் பிழைப்பு. ஒரு நாளைக்கு எத்தனை டன் தூக்கினாள் என்று அவளும் கேட்டதில்லை, முதலாளியும் சொன்னதில்லை.

அங்கே பில் போடும் பெண் ஷாலினி இரண்டு வருடத்துக்கு முன் போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஒரு பெண் உருண்டைக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, நெஞ்சுயர டிரம்களின் மேல் வைத்துக்கொண்டே போகிறாள். சுற்றிலும் ஒரே கூச்சல். ஷாலினியும் அந்தப் போட்டிக்குப் போகிறவள்தான்.

"அக்கா, நீங்க டெய்லி பண்றதுதான் இது. இங்க கை தட்றாங்க, அவ்ளோதான்."

அந்த ஒரு பேச்சு தென்றலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் சொன்னபோது புருஷன் ராகுலன் சிரித்தான். ராபர்ட்சன்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவன். எதற்கும் முதலில் சிரித்துவிட்டுத்தான் யோசிப்பான். ஆனால் சம்பங்கி செய்து கொடுத்த நாற்பது கிலோ கல்லை அவள் முதல்முறை மடிக்கு இழுத்து, கட்டிப்பிடித்து, எழுந்து நின்றாள் பாருங்கள், அன்றைக்கு அவன் வாய் மூடவே இல்லை. பதினாறு வருடம் பக்கத்திலேயே படுத்து எழுந்தவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தவன் மாதிரி நின்றான்.

அதன்பின் அவனே பயிற்சியாளன் ஆகிவிட்டான். யாரும் நியமிக்கவில்லை. சுரங்கம் மூடுவதற்கு முன் பதினான்கு மாதம் அவன் ஷாஃப்டில் மணியடிக்கும் வேலையில் இருந்தவன். ஆட்களைக் குழிக்குள் இறக்கி ஏற்றும் கூண்டுதான் கேஜ்; அது ஏறவும் இறங்கவும் நிற்கவும் மணிதான் கணக்கு. ஓடுகிற கேஜுக்கு ஒற்றை மணி அடித்தால் நில் என்று அர்த்தம். வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது, உள்ளே இருப்பது ஆட்கள் என்று முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள்.

ஆரம்பத்தில் ஒருமுறை தென்றல் அவசரப்பட்டுக் கல்லை இழுத்து, இடுப்பு பிடித்துக்கொண்டு நான்கு நாள் பாயை விட்டு எழவில்லை. ராகுலன் பயந்துபோனான். வாசல் புங்கமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டான்.

"நான் ஒரு அடி அட்ச்சேன்னா, கல்லு எங்க இருந்தாலும் வுட்டுடணும். ஒதுங்கி நிக்கணும். இன்னா ஏதுன்னு கேக்கக்கூடாது."

"சரி மாமா."

சொன்ன சொல்லை இரண்டு வருடம் காப்பாற்றினாள். முதுகு வளைந்தால் ஒரு அடி; கை வழுக்கினால் ஒரு அடி. டங்கென்று சத்தம் கேட்ட நொடியில் கல் கீழே கிடக்கும், அவள் ஓரடி பின்னால் நிற்பாள். காதுக்கும் கைக்கும் நடுவில் யோசனை என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்ட வாய்களும் மெல்ல மெல்ல அடங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வேடிக்கை பார்க்க வந்து நின்றன. சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்று புழுதியை அள்ளிக் கொட்டினாலும் ஒருவரும் நகரமாட்டார்கள். நான்கு கல்லையும் டிரம்மேல் ஏற்றிவிடுவாள். துரை மட்டும் மடிவரைக்கும் வருவார், அதற்குமேல் வரமாட்டார்.

மாநிலப் போட்டி கோலாரில். இரண்டு இடம் பிடிப்பவர்கள் தேசியப் போட்டிக்கு டெல்லி போகலாம். அறுபது நொடி, ஐந்து கல், அதே எடைகள்; கல் எண்ணிக்கை சமமானால் கடைசிக் கல் ஏறிய நேரத்தைப் பார்ப்பார்கள். ஐந்தையும் ஏற்றினால் டெல்லி. அவள் வேறெதற்கும் அந்த வருடம் ஆசைப்படவில்லை.

ராகுலன் தன் ஆட்டோவிலேயே அழைத்துப் போனான். அவளுக்கு முன்னால் ஷாலினி இறங்கி நான்கு கல்லை முப்பத்தொன்பது நொடியில் ஏற்றினாள். பெல்லாரிப் பெண் ஒருத்தி நாற்பத்தொன்றில் முடித்தாள். ஐந்தாவது கல் இருவருக்கும் மசியவில்லை. அவர்கள் இறங்கியபோது நடுவர் விசில்தான் ஊதினார். தென்றலின் முறை வருவதற்குள் விசில் எங்கேயோ தொலைந்துபோய், யாரோ பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற வெண்கலத் தட்டைக் கொண்டுவந்து கட்டினார்கள். ராகுலன் அதைப் பார்த்தான். பார்த்தும் அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மணியோடு வாழ்ந்தவன், அவனுக்கே உறைக்கவில்லை.

தென்றல் கோட்டருகே குனிந்து முதல் கல்லை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். நடுவர் தட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

கை இரண்டும் விரிந்தன. தென்றல் கல்லை விட்டுவிட்டு, ஓரடி பின்னால் போய் ஒழுங்காக நின்றாள்.

கூட்டம் சிரித்தது. அவள் ராகுலனைத் திரும்பிப் பார்த்தாள், என்ன தப்பு செய்தேன் என்று கேட்கிற முகத்தோடு. இரண்டு வருடமாக அவன் போட்ட உத்தரவு அது.

"போ! தென்றல், போ! அது ஸ்டார்ட்டு!"

அதற்குள் ஏழு நொடி போய்விட்டது.

பிறகு அவள் செய்ததை ராகுலன் இன்றும் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது: பெட்டி அடுக்குகிற வேகத்தில் அடுக்கினாள். முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. ஐந்தாவது கல்லின் முன் நின்றபோது பதினோரு நொடி பாக்கி. மடிக்கு இழுத்தாள். குந்தினபடியே கைகளை மேலே மாற்றிக் கட்டினாள். எழுந்தாள். கல் வயிற்றைத் தாண்டியது. வீட்டில் ஒரு நாளும் தாண்டாத இடம் அது.

டங்.

நேரம் முடிந்துவிட்டது. ஒற்றை மணி. ராகுலன் கண்ணை மூடிக்கொண்டான். கல் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால், தென்றல் இன்னும் அதைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறாள். நடுவர் போதும் போதும் என்று கையாட்டுகிறார். அவள் இடுப்பை முன்னுக்குத் தள்ளி, நெஞ்சால் உருட்டி, எண்பத்தைந்து கிலோவை டிரம்மேல் உட்காரவைத்தாள். சிரித்த கூட்டம் அத்தனையும் எழுந்து நின்றது. ஷாலினி ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். அன்று அந்த மைதானத்தில் வேறு எந்தப் பெண்ணும் ஏற்றாத கல். ராகுலனுக்குக் கும்பிடவேண்டும்போல இருந்தது.

கணக்கில் நான்கு கல்தான். ஐம்பது நொடிக்கு நெருக்கம். மூன்றாமிடம். டெல்லிக்கு ஷாலினியும் பெல்லாரிப் பெண்ணும் போனார்கள்.

திரும்பும் வழியில் பங்காருபேட்டை வந்துவிட்டது. ராகுலன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"என்னாலதான் போச்சு. அந்த ஏழு நொடி இருந்திருந்தா துரையும் கணக்குல வந்திருப்பாரு."

பின்சீட்டில் தென்றல் உரிந்த கையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, போச்சு," என்றாள்.

"கடைசி மணிக்கு மட்டும் ஏன் வுடல?"

"மொத மணி நீ அட்ச்சதுன்னு நெனச்சேன் மாமா. நீ அட்ச்சா எதுக்குன்னு கேக்கமாட்டேன். கடைசி மணி வேற எவனோ அட்ச்சது. அவன் சொன்னா நான் ஏன் வுடணும்?"

ராகுலன் ஆட்டோவை ஓரங்கட்டி, தண்ணீர் குடிக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் வெளியே நின்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் புங்கமரத்துத் தண்டவாளத்தை அவிழ்க்க ஏணி போட்டான். தென்றல் வேண்டாமென்றாள்.

"அத்த வுடு. இனிமே ஒரு மணின்னா தூக்கு. அட்ச்சுப் பழகு."

சுத்தியலோடு நின்றவனுக்குக் கை எழவில்லை. பதினான்கு மாதமும் இந்த இரண்டு வருடமும் அந்த ஒரு அடிக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. தெரு பார்த்துக்கொண்டிருந்தது. தென்றல் துரையின் முன்னால் குனிந்து, கைகளைக் கொடுத்து, அவன் பக்கம் திரும்பாமல் காத்திருந்தாள்.

ராகுலன் ஓங்கி ஒரு அடி அடித்தான். அவள் தூக்கினாள்.