மொட்டை மாடியில் ஃபைபர்

போன வருடம் கோடையில் நடந்தது இது. புதுச்சேரி வைத்திக்குப்பத்தில், அலைச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில், இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார அக்கா. நடுவில் இரண்டு குடித்தனம். அதற்கு மேல் நாங்கள், எங்களுக்கு மேல் மொட்டை மாடி.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி. ஸ்கூல் ஆபீஸாக இருந்தாலும் சரி, கேஸ் ஏஜென்சியாக இருந்தாலும் சரி, "நீ பேசு" என்று என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். நானும் போன காரியத்தை முடிக்காமல் திரும்ப மாட்டேன். என் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர், பேசக் காசு கேட்பார். டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையில் பெயிண்ட், ரெசின், பைப் எல்லாம் விற்கிற செக்‌ஷனில் இருக்கிறார். தெருவில் அவரை பாய் என்பார்கள், என்னைப் பாயம்மா என்பார்கள்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்தே பிரெஞ்சு படித்தவள். அதை வைத்து ஒரு ஆபீஸில் வேலை பார்த்தேன். அவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போன பிறகு ரொம்ப நாள் சும்மாதான் இருந்தேன். அந்தக் கோடையில்தான் சென்னைக் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. பிரான்சில் வாஷிங் மெஷின் ரிப்பேரானால் அங்கிருந்து வரும் போனை எடுத்து, பிரெஞ்சில் பேசி, வழி சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரே ஒரு கண்டிஷன், மொபைல் நெட் ஆகாது, வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அதைப் போட்டு, ஸ்பீடு டெஸ்ட் எடுத்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை சென்னை ஆபீஸுக்கே வந்து சேர வேண்டும். என் பெண் பத்தாவது போகப் போகிறாள். அவளை விட்டுவிட்டு சென்னையில் ஹாஸ்டல் வாசமா? அதெல்லாம் நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு இணைப்புதானே, என்ன பெரிய விஷயம்?

இணைப்புக்காரரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். தெருக் கம்பத்திலிருந்து மொட்டை மாடிக்கு இழுத்து, சுவரோரமாக எங்கள் ஜன்னலுக்கு இறக்கிவிடலாம், ஓனரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள் என்றார்.

வீட்டுக்கார அக்காவுக்கு இரண்டு படகு இருக்கிறது. அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போவார், மற்ற எல்லாம் அக்கா கையில். நல்ல மனுஷி. வாடகை பத்து நாள் தள்ளினாலும் முகம் சுளிக்க மாட்டார். நான் போனபோது வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, வூட்லேந்தே செய்யற மாதிரி ஒரு வேல வந்துருக்கு. அதுக்கு மாடில ஃபைபர் போடணும். ஆள் வருவாங்க."

என்ன வேலை என்று விவரம் சொல்லவில்லை. சேருவதற்கு முன்னால் ஊரெல்லாம் சொன்னால் கண்பட்டுப் போகும், சேர்ந்த பிறகு ஸ்வீட்டோடு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அக்கா அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஃபைபரா? நம்ம மாடிலயா? அதெல்லாம் வேணாம் பாயம்மா."

அவ்வளவுதான். மறுபடி மீனுக்குப் போய்விட்டார். நானும் விடவில்லை. சாயங்காலம் ஒரு கிண்ணம் சேமியாப் பாயசத்தோடு போய், பொறுமையாக விளக்க ஆரம்பித்தேன். சுவரில் ஓட்டை போடுவதற்குத்தான் யோசிக்கிறார் என்று நினைத்து, "சின்ன ஓட்டதான்க்கா, உடனே பூசிடுவாங்க" என்றேன். ஓட்டை சின்னதோ பெரிசோ, பூசுகிற பூச்சு ஒன்றுதானே என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரியாததைக் காட்டிக்கொள்கிற ஜாதியா நான்? மேலே பேசினேன்.

"அதுல ஒரு ஆபத்தும் இல்லக்கா. உள்ள இருக்கறது வெறும் கண்ணாடி. தலமுடி மாரி மெல்லிசா இருக்கும்."

"அந்தக் கண்ணாடியத்தான் நானும் சொல்றேன். புள்ளைங்க பொழங்கற வூடு. ஒடம்புக்கு ஆவாது."

ஓகோ, விஷயம் இதுதானா என்று பிடித்துக்கொண்டேன். செல்போன் டவர் வைத்தால் உடம்புக்குக் கெடுதல் என்று பேசிக்கொள்வார்களே, அந்தப் பயம் அக்காவுக்கு. உடனே கதிர்வீச்சைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தேன். என் பிரசங்கத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்றால் பாருங்கள். அக்கா முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தான் கண்ணால் பார்த்ததாகவும், குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்துப்போய் ஒரு வாரம் தூங்கவில்லை என்றும் சொன்னார். இதற்கு மேல் இவரிடம் என்ன பேசுவது என்று கிண்ணத்தைக்கூட வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் புதுத் திட்டம் போட்டேன். நடு மாடியில் இருந்த இரண்டு குடித்தனத்துக்கும் நெட் தகராறுதான். அவர்களையும் கிளப்பினேன். நமக்கும் வேண்டும், எல்லோரும் சேர்ந்து கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லி, படை திரட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். அக்கா எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். முகமே மாறிவிட்டது.

"ஓ, கூட்டாதான் ஆரம்பிக்கறீங்களா? என் வூட்டப் பட்டறையா ஆக்கலாம்னு பாக்கறீங்களா? அப்படின்னா வேற எடம் பாத்துக்குங்க."

கோபத்தில் சொல்கிற வார்த்தை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் என் படையைக் காணோம். ஒருவருக்குத் தண்ணீர் மோட்டார் ஞாபகம் வந்துவிட்டது, இன்னொருவருக்கு அடுப்பில் பால். நான் மட்டும் மரம் மாதிரி நின்றேன்.

இணைப்புக்குப் போய் நின்றவள், இப்போது இருக்கிற வீட்டுக்கே உலை வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கடைக்குப் போகும்போது, சென்னையில் தன் சொந்தக்காரர் ஒருவருக்கு ஹாஸ்டல் பற்றித் தெரியும், கேட்கட்டுமா என்றார். என் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்ப எனக்குத் தல பின்றது யாரும்மா? அத்தாவா?" என்று சிரிப்பாகத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வாயை நம்பிப் பிழைக்கிறவளுக்கு வாயே உதவவில்லை என்றால் வேறு என்ன இருக்கிறது?

அன்று மதியம், சேருவதற்கு முன்னால் கம்பெனி ஆன்லைனில் வேலை பழக்குகிற வகுப்பு இருந்தது. மொபைல் டேட்டாவில் விட்டு விட்டு வந்தது. பிரெஞ்சில் மெஷின் ஓடவில்லை என்று சொல்ல மாட்டார்கள், நடக்கவில்லை என்பார்கள். கற்றுக்கொடுத்த அம்மா போன் செய்கிறவர் மாதிரி, "என் மெஷின் நடக்கவில்லை" என்று கத்தினார். வகுப்பில் ஒருவர் உடனே பிளக்கைக் கழற்றி மாட்டுங்கள் என்று வழி சொல்லப் போனார். அந்த அம்மா நிறுத்தினார். போன் செய்கிறவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள், அதுவரைக்கும் நீங்கள் எதையும் விளக்காதீர்கள் என்றார். அடுத்தது என் முறை. நான் கேள்வி மேல் கேள்வி கேட்டு, கதவு சரியாக மூடாததுதான் கோளாறு என்று கண்டுபிடித்தேன். ரொம்ப நன்று என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெட் நின்றுவிட்டது. அவர் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே திரையில் உறைந்து நின்றது.

அந்த உறைந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குச் சுரீரென்றது. கண்ணால் பார்க்காத பிரான்சுக்காரியிடம் இத்தனை கேள்வி கேட்கிறேன். கீழ் வீட்டு அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டேனா?

மறுநாள் காலையில் அக்கா வீட்டில் இல்லை, கரையில் இருப்பதாகச் சொன்னார்கள். கோடையில் பலர் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள். அக்காவின் படகு ஒன்றும் மணலில் கவிழ்த்துப் போட்டிருந்தது. நான் வருவதைப் பார்த்ததும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். விளக்கம், பாயசம் எதுவும் கொண்டுபோகவில்லை.

"அக்கா, நான் ஒண்ணும் பேசல. நீங்க சொல்லுங்க. நான் மாடில இன்னா செய்யப் போறேன்னு நெனைக்கறீங்க?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துப் படகுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அங்கே அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, முகத்தில் துணி கட்டிய ஒருவர், படகின் ஓட்டை மேல் வெள்ளைக் கண்ணாடி நார்த் துணியை ஒட்டி, பிரஷ்ஷால் ரெசினைத் தடவிக்கொண்டிருந்தார். நெயில் பாலிஷ் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது.

"இத்தான ஃபைபரு. இதத்தான மாடில போடணும்ன?"



அக்கா படபடவென்று கொட்டினார். அதற்கு முந்தின வருடம் அவர் கொழுந்தனார் எங்கள் மொட்டை மாடியில் வைத்துத்தான் உடைந்த ஐஸ் பெட்டிக்கு ஃபைபர் போட்டாராம். தேய்த்த தூள் காற்றில் பறந்து, காயப்போட்டிருந்த துணியில் எல்லாம் ஏறிவிட்டதாம். அந்தத் துணியைப் போட்ட பேத்திக்குத்தான் உடம்பு தடித்ததாம். இனிமேல் என் வீட்டில் ஃபைபர் வேலையே கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டாராம். பாய் கடையில் ரெசின் விற்கிறது, பாயம்மா வீட்டிலிருந்தே வேலை என்கிறாள், ஓட்டை என்கிறாள், பூச்சு என்கிறாள், கண்ணாடி என்கிறாள், கடைசியில் குடித்தனக்காரர்களையும் கூட்டு சேர்த்துக்கொண்டு வருகிறாள். வேறு என்ன நினைப்பார்?

வைத்திக்குப்பத்தில் பத்து வருஷமாக இருக்கிறேன். கரையில் கிடக்கிற அத்தனை படகும் ஃபைபர் படகு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தபோது அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று நினைத்துவிட்டேன்.

மணலில் கிடந்த தூண்டில் நரம்புத் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினேன். "இதவிடக் கொஞ்சம் தடிப்பா ஒரு ஒயருக்கா. போன்ல நெட் வருதுல்ல, அது ஒயர்ல வரும். அதுக்கும் பேரு ஃபைபர்தான்."

அக்கா விடவில்லை, ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்த்தார். அப்போ கண்ணாடி என்றாயே? அதற்குள்ளேயும் கண்ணாடிதான் அக்கா, ஆனால் மேலே உறை இருக்கும், தூள் பறக்காது. ஓட்டை? சுவரில். பூச்சு? சிமெண்ட். பட்டறை? அதை நீங்கள்தான் சொன்னீர்கள்.

முதலில் சிரித்தது படகுக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தவர்தான். முகத்துத் துணி குலுங்கியது. அப்புறம் அக்கா சிரித்தார், அப்புறம் நான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஒயருன்னு சொல்றதுக்கு இன்னா கேடு ஒனக்கு? மூணு பாஷ பேசற, இத சொல்லத் தெரியல." அப்புறம்தான் என்ன வேலை என்று கேட்டார். கண்ணாவது படுவதாவது, எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவால் நம்பவே முடியவில்லை. "பிரான்சுல மிசின் நின்னுபோனா வைத்திக்குப்பத்துக்கா போன் போடுவான்?"

வெள்ளிக்கிழமை இணைப்புக்காரர் வந்தார். பக்கத்து வீட்டு மாடியைத் தாண்டித்தான் வயரை இழுக்க வேண்டியிருந்தது. அவர்கள் அக்காவுக்குச் சொந்தம். அக்கா தெருவில் நின்று ஒரு குரல் கொடுத்தார், அவ்வளவுதான், மாடிக் கதவு திறந்தது. மாடியில் வயர் ஒரு இடத்தில் தொங்கலாகக் காற்றில் ஆடியது. அக்கா பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? வலை பின்னுகிற நூலை எடுத்துவந்து கைப்பிடிச் சுவர்க் கம்பியோடு சேர்த்து முடிச்சுப் போட்டார். அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் போய்விட்டது, அந்த முடிச்சு இன்னும் அசையவில்லை. சாயங்காலமே டெஸ்ட் எடுத்து அனுப்பினேன். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன், எங்கள் வீட்டு ஜன்னலோரத்தில். பக்கத்து அறையில் என் பெண் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

நடு மாடிப் படைவீரர்கள் இருவரும் அடுத்த மாதமே இணைப்பு வாங்கிவிட்டார்கள். அக்கா மட்டும் வாங்கவில்லை. கல்யாணமாகித் துபாய் போன மகளோடு பேச வேண்டுமென்றால் எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். கரையில் இருக்கிற ஃபைபரே தனக்குப் போதும் என்பார். கரையில் எனக்கு இப்போது ஃபைபர் பாயம்மா என்றே பெயராகிவிட்டது, மீன்காரப் பெண்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது.

வாய் இன்னும் குறையவில்லை, இன்றைக்கும் எங்கே காரியம் என்றாலும் என்னைத்தான் முன்னால் தள்ளுகிறார்கள். ஆனால் எதிரில் இருப்பவர் வேண்டாம் என்று தலையாட்டினால், ஏன் என்று மல்லுக்கு நிற்காமல், எதை வேண்டாம் என்கிறீர்கள் என்றுதான் இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன்.