சத்தமாய் வாசித்த பத்திரிகை

எனக்கு எழுத்து வடிவாய் வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மறதியும் கூடிவிட்டது. முன்பின்னாய் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் கிழக்கு லண்டனில் ஒரு வாரப் பத்திரிகையின் அச்சகத்தில் வேலை செய்தேன். விக்டோரியா மகாராணி காலத்திலேயே தொடங்கிய பத்திரிகை. அச்சாகி வரும் பேப்பருக்குள் கடை விளம்பரங்களைச் செருகுவது எங்கள் வேலை. மேசையைச் சுற்றி எல்லாரும் தமிழ்ப் பெண்கள். ஊரிலிருந்து தபாலில் தமிழ்ப் பேப்பர் வந்தால், அதை முன்னால் விரித்து வைத்துச் சத்தமாய் வாசிப்பேன். கை தன்பாட்டில் செருகும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற எனக்கு, பேப்பரைக் கண்டால் குரல் வந்துவிடும்.

பக்கத்தில் நின்ற, இலங்கையில் மன்னாரிலிருந்து வந்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. தாயும் தகப்பனும் அங்கே சண்டைக்குள்.

“அக்கா, முதல்ல எங்கட பக்கத்துச் செய்தியைப் பாருங்கோ.”

செத்தவர்களின் பெயர்கள் வாசித்து முடியும்வரை மூச்சு விடமாட்டாள்.

ஒருநாள் சூப்பர்வைசர் வந்து பேப்பரைப் பறித்துக்கொண்டு போனார். வேலை நேரத்தில் வாசிப்புக் கூடாதாம். மன்னார்ப் பெயர்களுக்கு நான் இன்னும் வந்திருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதைக் கண்ட, அச்சு மெஷின் ஓட்டும் வெள்ளைக்காரக் கிழவர் தேநீர் வேளையில் ஒரு கதை சொன்னார். மன்னார்ப் பிள்ளைக்கு இங்கிலீஷ் பேச்சு நன்றாய் விளங்கும். எனக்குத் தமிழில் சொன்னாள். அந்தக் காலத்தில் அரசாங்கம் பத்திரிகைக்கு வரி போட்டதாம். விலை ஏறி, ஏழைகளால் வாங்க முடியவில்லை. அதனால் குடிக்கடையில் ஒருவர் இதே பத்திரிகையைச் சத்தமாய் வாசிக்க, எழுத்தறியாத சனம் சுற்றி நின்று கேட்டதாம்.

“பாத்தீங்களோ அக்கா, இவையளும் எங்களைப் போலத்தான்!”

அடுத்த வாரம் அவர்களுடைய பத்திரிகையையே முன்னால் விரித்தேன். காணாமற்போன நாய், விற்பனைக்குச் சைக்கிள் என்று இங்கிலீஷில் எழுத்துக் கூட்டி உரத்து வாசித்தேன். கை செருகிக்கொண்டே இருந்தது.

“நாய் கிடைச்சிட்டுதோ அக்கா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“பொறு, அடுத்த கிழமைப் பேப்பர் வரட்டும், சொல்லுறன்.”

எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிவந்துபோய் வந்து நின்றார்.

“உங்கட பேப்பரைத்தான் வாசிக்கிறன் எண்டு சொல்லு, பிள்ளை” என்றேன். அவள் சொன்னாள். மெஷினடியில் கிழவர் கை தட்டினார். தங்கள் பத்திரிகையையே வாசிக்காதே என்று அந்த மனுசன் எப்படிச் சொல்லுவார்? அதை விட்டால் எங்களுடையதையும் விடத்தானே வேண்டும். பறித்த பேப்பரைக் கொண்டுவந்து மேசையில் எறிந்துவிட்டுப் போனார்.

மன்னார்ச் செய்தி முழுவதையும் அப்போதே வாசித்தேன். அவளுடைய ஆட்களின் பெயர் இல்லை. அதன்பிறகும் வாசித்தேன். அவர் அந்தப் பக்கம் வந்தால் குரலை இன்னும் உயர்த்தினேன்.

குடிக்கடைக் கதை கிழவர் சொன்னது, பாதி மறந்திருப்பேன். நூல்நிலையத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்க்கத் தெரிந்த யாராவது, அந்த வரியும் வாசிப்பும் சரியோ என்று பார்த்துத் திருத்திவிடுங்கள். நான் வாசித்ததில் மட்டும் கை வைக்க வேண்டாம்.