கைருன்னிசா தராத பதில்

பெரிய வெள்ளிக்கிழமை அன்று கைருன்னிசா வீட்டில் அடுப்பு எரியாது. ஆர்டருக்குப் பிரியாணி செய்வதுதான் அவள் பிழைப்பு. இருந்தும் அன்றைக்கு மட்டும் தேக்சாப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். எதிர்வீட்டு ஜோசபின் உபவாசம் இருக்கிறாள், வெங்காயம் வதங்கும் வாசனை அவளுக்குச் சோதனையாகக் கூடாது என்பதற்காக. தங்கை வாய்தவறிச் சொல்லித்தான் ஜோசபினுக்கே இது தெரியும்.

அப்படிப்பட்டவள் தன்னிடம் மட்டும் எதையோ ஒளிக்கிறாளே என்பதுதான் ஜோசபினை அரித்தது.

மராத்தி ஊரான கட்கியில் ஆறு வருஷமாக இருவரும் எதிரெதிர் வீடு. ரம்ஜான் காலையில் யார் "ஈத் முபாரக்" சொன்னாலும் கைருன்னிசா வாய் நிறைய "கைர் முபாரக்" என்பாள். கீழ்வீட்டு மராத்திக்காரக் காகுவுக்கும் அதே பதில்தான். ஜோசபின் சொன்னால் மட்டும், "நல்லா இருங்கக்கா" என்று சேமியாப் பாயசத்தைக் கையில் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்ப்பாள்.

"மம்மி, பாயசம் வந்துச்சில்ல, குடிச்சிட்டு சும்மா இரேன். நீ என்ன சிஐடியா?" என்றாள் மகள் ரியா.

"போடி. காகு என்ன முஸ்லிமா? அவளுக்கு உண்டு, எனக்கு மட்டும் கெடையாதா? அவ மனசுல என்னமோ இருக்கு."

சோதித்துப் பார்த்துவிடுவதென்று முடிவுகட்டினாள். பெருநாளில் அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் நீள வாழ்த்தைக் கறிக்கடை பாயிடம் கேட்டு, ஒரு வாரம் மனப்பாடம் பண்ணி, பக்ரீத் அன்று கதவைத் தட்டினாள்.

"தகப்பலல்லாஹு மின்னா வமின்கும்."

கைருன்னிசாவின் முகம் சுண்டிப்போனது. "கேலி பண்றீங்களாக்கா?" என்றவள் உள்ளே போய்விட்டாள். குர்பானிக் கறி வந்தது, ஆனால் தங்கை கையில். சந்தேகம் சரிதான் என்று ஜோசபினுக்கு உறுதியாயிற்று. செபமாலை உருட்டும்போதுகூட அந்த முகம் குறுக்கே வந்தது.

கைருன்னிசாவின் மகனுக்குச் சாகண் ஊரில் வேலை கிடைத்து, குடும்பமே அங்கே குடிபோவதாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றக் கீழே டெம்போ வந்து நின்றது. ஜோசபின் பள்ளிக்கூட ஆயா, நடுப்பகலில் வீட்டில் இருப்பது ஞாயிறு மட்டும்தான். கைருன்னிசாவோ ஞாயிறுதோறும் கல்யாண ஆர்டருக்குப் போய்விடுபவள். இந்த வேளையில் இருவரும் எதிரெதிரே நிற்பதே அபூர்வம். மனத்தாங்கலோடே பிரிந்துவிடுவோமோ என்று ஜோசபினுக்குப் பயம்.

மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. ஜோசபின் சிலுவை அடையாளம் போட்டு, மூவேளைச் செபத்தை முணுமுணுத்தாள். கைருன்னிசா அந்தக் கையையே பார்த்தாள்.

"மணிக்கா போடுறீங்க?"

"பின்ன? பன்னெண்டு மணி செபமாச்சே."

"நான் குடிவந்த அன்னிக்கு உங்களுக்கு சலாம் சொன்னேன். ஒடனே சிலுவை போட்டீங்க. நம்ம வார்த்தை காதுல விழுந்தாலே இவங்களுக்கு ஆவாது போலன்னு, அதுக்கப்புறம் உங்ககிட்ட அரபியில வாயே தொறக்கல."

"அடிப்பாவி! அன்னிக்கும் மணிதான்டி அடிச்சிருக்கும். ஆறு வருஷமா ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க மட்டும் கேட்டீங்களா?"

கீழே ஹாரன் அடித்தார்கள். இரண்டு படி இறங்கியவள் நின்று திரும்பினாள்.

"பக்ரீதுக்குச் சொன்னீங்களே, அதுக்குப் பதிலும் அதேதான்கா. தகப்பலல்லாஹு மின்னா வமின்கும். எங்க நோன்பையும் உங்க நோன்பையும் அவன் ஏத்துக்கட்டும்."