ஒன்பது நாள் பிள்ளைக்கு ஒரு அஃபிடவிட்

கனடாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எனக்கு இல்லை. ஆனால் அதில் சுட்டிக்காட்டியிருந்த தப்பு என்னுடையது.

உங்களில் பலருக்குத் தெரியும் — பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டயர் ஆகலாம், இங்கிலீஷ் டீச்சர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகவே முடியாது. திண்டுக்கல்லில் யாருக்கு என்ன ஃபாரம் வந்தாலும் அது எப்படியோ என் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடும். பாஸ்போர்ட், விசா, போலீஸ் சான்றிதழ், மெடிக்கல்... நிரப்பி நிரப்பி எனக்கு ஒரு மிதப்பே வந்துவிட்டது. கேள்வியை முழுதாகப் படிக்காமலே பதிலை எழுதுகிற மிதப்பு.

போன வருஷம் செந்தில் போன் பண்ணினான். என்னிடம் படித்தவன். இப்போது கனடாவில் வேலை, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது.

"மிஸ், அப்பா அம்மாவை இங்கயே கூட்டிக்கலாம்னு இருக்கேன். பெத்தவங்களைக் கூட்டிக்க இங்க குலுக்கல் போட்டுத்தான் ஆள் எடுப்பாங்க, அதுல எங்க பேரு விழுந்திருச்சு. ஃபாரத்தை மட்டும் நீங்க பாத்துக் குடுங்க. பாப்பாவை அவங்க இன்னும் போன்லதான் பாக்குறாங்க."

இதற்கு மறுக்க முடியுமா?

அப்பா பெயர் தங்கராசு, அம்மா பழனியம்மாள். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு. ஒரு பை நிறையக் கொய்யாவோடு வந்தார்கள். இரண்டு பேரும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். பதில் சொன்னது பெரும்பாலும் தங்கராசு அண்ணன்தான்.

"எத்தனை பிள்ளைங்க உங்களுக்கு?"

"ஒண்ணுதானுங்க டீச்சர்."

எழுதிவிட்டேன். பழனியம்மாள் அக்கா சேலைத் தலைப்பைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தேன், ஆனால் என்னவென்று கேட்கவில்லை.

ஃபாரத்தில் இருந்த கேள்வி அது இல்லை, பாருங்கள். உங்களுக்குப் பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் எழுதுங்கள். உயிரோடு இருப்பவர், இறந்தவர், தத்துக் கொடுத்தவர் யாரையும் விடாதீர்கள் — இதுதான் கேள்வி. நான் அதை நம் ஊர் வழக்கப்படி கேட்டேன். நம் ஊரில் 'எத்தனை பிள்ளைங்க' என்றால் இருக்கிற பிள்ளையைத்தான் சொல்வார்கள். போன பிள்ளையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, கேட்பவரும் எதிர்பார்ப்பதில்லை.

விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டரம்மா வேறு மாதிரி கேட்டிருக்கிறார்.

"எத்தனை பிரசவம்?"

"ரெண்டுங்க."

அக்கா பொய் சொல்லவில்லை. அண்ணனும் பொய் சொல்லவில்லை. கேள்விதான் வேறு. ஆனால் கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? ஃபாரத்தில் ஒரு குழந்தை, மெடிக்கலில் இரண்டு பிரசவம். இன்னொரு குழந்தை எங்கே? பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாவற்றையும் முப்பது நாளுக்குள் எழுதி அனுப்புங்கள், இல்லையென்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம் — கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது.

செந்திலே அதைப் போனில் படித்துக் காட்டினான். முடித்துவிட்டுக் கேட்டான்.

"மிஸ்... எனக்கு அக்கா இருந்துச்சா, அண்ணன் இருந்துச்சா?"

முப்பத்திரண்டு வயசுப் பையன் என்னிடம் இதைக் கேட்கிறான். அப்பா அம்மாவை உடனே என்னிடம் வரச் சொல் என்றேன்.

மறுநாளே இரண்டு பேரும் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். அண்ணன் வாசல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இந்த முறை அக்காதான் பேசினார்.

"பொம்பளப் புள்ளைங்க. செந்திலுக்கு ரெண்டு வருசம் மூத்தது. நெய்க்காரப்பட்டியில எங்கம்மா ஊட்டுல பொறந்துச்சு. ஒம்பது நாள் இருந்துச்சுங்க. அப்பறம் காச்சல் வந்து பால் குடிக்கல..."

ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை, இறப்புச் சான்றிதழும் இல்லை. ஒரு போட்டோ கூடக் கிடையாது. தோப்பு ஓரத்தில் அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். அழுதால் அடுத்த பிள்ளை தங்காது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். அதனால் அழக்கூட இல்லை.

"அதுக்கப்பறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கலீங்க. இவுங்களும் எடுக்கல, நானும் எடுக்கல."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தப் பெரியவர்கள் மேலா? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாயே திறக்காத இந்த மனுஷர் மேலா? அக்காவின் சேலைத் தலைப்பைப் பார்த்தும் சும்மா இருந்த என் மேலா?

சான்றிதழ் இல்லாவிட்டால் அஃபிடவிட். அதாவது, நடந்தது இதுதான் என்று உறுதிமொழி எழுதி, நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பேரும் கோர்ட் பக்கம் போனோம். அங்கே வரிசையாக டைப் அடித்துக் கொடுக்கிற கடைகள். ஒரு கடையில் இருந்த தம்பி கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமல் கேட்டுக்கொண்டே அடித்தார்.

அப்பா பெயர். அம்மா பெயர். ஊர். பிறந்த தேதி?

அக்கா மாசத்தைச் சொல்லிவிட்டுத் தேதிக்கு யோசித்தார். அண்ணன் தேதியைச் சொன்னார். இறந்த தேதியையும் அவரே சொன்னார். யோசிக்கவே இல்லை.

"குழந்தை பேரு?"



"பேரு வைக்கலீங்க. மாசம் முடிஞ்சு தொட்டில் கட்டி வைக்கலாம்னு இருந்தோம்" என்றார் அக்கா.

பரவாயில்லை, 'பெயரிடப்படவில்லை' என்று போட்டால் போதும், சட்டப்படி அதில் சிக்கல் வராது என்றேன். என் மேதாவித்தனம் எங்கே போகும்? தம்பி அதை அடிக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

"சிவகாமின்னு போடுங்க."

சொன்னது தங்கராசு அண்ணன்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார்.

"தொட்டிலுக்குக் கவுறு வாங்க ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போனேனுல்ல, அன்னிக்கு நெனச்சு வச்சனுங்க. ஊட்டுக்கு வந்து சொல்லலாம்னு இருந்தேன்." அண்ணன் இதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அக்காவைப் பார்க்க அவரால் முடியவில்லை. "வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. அப்பறம் யாருகிட்டச் சொல்றது?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்லங்க" என்றார் அக்கா. சத்தமே இல்லாமல்தான் சொன்னார்.

பிறகு அங்கேயே, ஸ்டாம்ப் பேப்பருக்கு நிற்கிறவர்கள் நடுவில், பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். முப்பத்து நாலு வருஷத்து அழுகை. அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு, துண்டை எடுத்துக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

ஒன்று தோன்றியது. சொந்தம், பந்தம், பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்று எத்தனையோ பேர் அந்த வீட்டில் கை நனைத்திருப்பார்கள். ஒருத்தர் கூடக் கேட்காத கேள்வியை முகம் தெரியாத ஒரு அதிகாரி கேட்டிருக்கிறார். அவருக்கு வேண்டியது விவரம்தான், ஆறுதல் சொல்ல வந்தவர் இல்லை. ஆனாலும் கேட்டாரே. நாம் கேட்காமல் இருப்பதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

விசா கிடைக்குமா? தெரியாது. இனிமேல்தான் பதில் வர வேண்டும். என் அவசரத்தால் அவர்கள் பேத்தியைத் தூக்க முடியாமல் போனால் நான் எந்த முகத்தோடு ஆயக்குடிக்குப் போவேன் என்பதும் தெரியாது.

நோட்டரி முத்திரை வைத்துக் கொடுத்த காகிதத்தை ஸ்கேன் பண்ண ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று என்னைக் கேட்டார். காட்டினேன். அதில் விரலை வைத்துப் பார்த்தார்.

"டீச்சர், இதுல ஒரு காப்பி எனக்கு வேணுமுங்க."

கடைக்காரர் மெஷினில் காகிதத்தை வைத்தார். "ஒண்ணு போதுமா?"

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டாப் போடுங்க."

எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர் சீக்கிரம் என்று சலித்துக்கொண்டார். சலிக்கட்டுமே.