எல்வோக் என்ற பெயரில் ஓர் இணைய முகவரி

ஒட்லெய்வ் எல்வோக், நார்வேயின் வடகோடியில் உள்ள வார்டோ துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியே காலம் கழித்தவர். மனைவியை அடக்கம் செய்த அன்றே மகன் ஈவரோடு வாய்த்தகராறு முற்றியது. இனி வாசற்படி மிதிக்காதே என்று சொன்னவர் அவர்தான். மகனும் மிதிக்கவில்லை, எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆறு வருஷம் கழித்துப் பழைய கம்பித் தொலைபேசிகளை எடுத்துவிட்டார்கள். அதோடு வீட்டு எண்ணும் போயிற்று. ஈவருக்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான்.

நூலகத்துப் பெண்தான் வழி சொன்னாள். சொந்தப் பெயரை இணையத்தில் தேடிப் பார்க்காத மனிதன் உண்டா? குடும்பப் பெயரிலேயே முகவரி வாங்கிவிடுங்கள் என்றாள். நார்வே முகவரிக்கு விதி சிக்கலில்லை. அடையாள எண் வேண்டும், உள்நாட்டு விலாசம் வேண்டும், முதலில் கேட்டவருக்கே பெயர். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பெயர் கிடைத்தது. அந்த இணையப் பக்கத்தில் இரண்டே வரி போட்டார். ஒன்று கைபேசி எண். மற்றது, ‘கதவு திறந்துதான் இருக்கு.’

பதினாலு மாதம் யாரும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு மேசையில் கைபேசியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். தட்டில் உருளைக்கிழங்கு ஆறிப்போகும்.

முதல் அழைப்பு பெர்கன் நகரத்திலிருந்து வந்தது. தோர்டிஸ் எல்வோக் என்பவள் ரொட்டிக்கடை திறக்கப்போகிறாளாம், அந்த முகவரி வேண்டுமாம்.

“முதல்ல கேட்டது நான்.”

“விதிய நானும் படிச்சேன், சித்தப்பா,” என்றாள், உறவு ஒன்றும் இல்லாவிட்டாலும். “ரெண்டு வரிக்கு எதுக்கு முழுசா ஒரு பேரு?”

அதுவரை யாரிடமும் சொல்லாததை முகம் தெரியாத அவளிடம் சொன்னார். கேட்டு முடித்தவள் பேரம் பேசவில்லை. ரொட்டி என்ற சொல்லையும் சேர்த்து வேறு முகவரி எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அவளுடைய வாடிக்கையாளர்கள் முகவரியில் பாதியை மட்டும் தட்டி, இவர் பக்கத்திலிருந்த எண்ணைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஈவர்தான் என்று எடுப்பார். எதிர்முனையில் யாராவது ஏலக்காய் பன் கேட்பார்கள். முதலில் எரிந்து விழுந்தார். பிறகு காகிதத்தில் குறித்து வைத்து, சாயங்காலம் தோர்டிஸிடம் வாசித்தார். “இருபதுன்னு சொன்னத இருநூறுன்னு எழுதிட்டீங்களே, சித்தப்பா,” என்று ஒருநாள் திட்டும் வாங்கினார். வேறு பேச்சுத்துணை அவருக்கு இல்லை.

சூரியன் தலைகாட்டாத ஜனவரியில், ஒரு மதியம் கைபேசி அடித்தது.

“ரொட்டி ஆர்டரா?” என்றார்.

“இல்லப்பா.”

ஈவரின் குரல். “அம்மா கல்லறைல விளக்கு வைக்கிறீங்களா?”

“வைக்கிறேன். ஞாயித்துக்கிழமை தவறாம.”

“சரி,” என்றான். பிறகு வைத்துவிட்டான்.

எண் திரையில் தெரியவில்லை, திருப்பிக் கூப்பிட வழியில்லை. அன்று வந்த மற்ற அழைப்புகளில் என்ன கேட்டார்கள் என்று அவர் குறித்துக்கொள்ளவில்லை. மார்ச்சில் முகவரியைப் புதுப்பித்தார்.