லூர்து மேரி அக்காவிடம் சேராத முடிவு

லூர்து மேரி அக்கா காலமான செய்தியை அவருடைய கணவர்தான் போனில் சொன்னார். இந்தச் செய்தியை மட்டும் உடனே சொல்லத் தெரிந்திருக்கிறது அவருக்கு!

கடலூர் முதுநகரில் மீன் வாங்கியவர்களுக்கு அக்காவைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் அங்கே செவிலியராகப் போன புதிதில், கருப்பைவாய்ப் பரிசோதனை என்றாலே பெண்கள் நழுவுவார்கள். அக்கா மீன்கூடையை ஓரமாக வைத்துவிட்டு அதட்டினார். "என்னாங்கடி வெக்கம்? புள்ள பெத்தப்போ இருந்துச்சா? அஞ்சு நிமிசம்தான், வாங்க!" முதல் ஆளாக வந்து படுத்தவரும் அவரே.

மாதிரி எடுத்து அனுப்பினோம். சில வாரங்களில் முடிவு வந்தது. அக்காவின் கருப்பைவாயில் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. அது புற்றுநோய் அல்ல, விட்டுவைத்தால் ஆகக்கூடியது. சிதம்பரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து, அந்த இடத்தை மட்டும் அப்போதே அகற்றியிருக்கலாம்.

படிவத்தில் கணவர் நம்பரை எழுதுவதுதான் எங்கள் வழக்கம். அக்காவிடம் சொந்தப் போன் இருந்தும் அப்படியே எழுதினேன். அவரிடம் முடிவைச் சொல்லி, பிறகு மறுபடி கூப்பிட்டபோது, "சொல்லிட்டேன் சிஸ்டர், பிரைவேட்ல காட்டிக்கிட்டா" என்றார் அவர். நானும் டிக் அடித்துவிட்டேன்.

மனிதர் அக்காவிடம் வாயே திறக்கவில்லை. மகள் கல்யாணம் நெருங்கியிருந்ததாம். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் அசிங்கமாம். கல்யாணம் முடிந்து பேரன் பிறந்த பிறகும் சொல்லவில்லை. அவரைத் திட்டுவது சுலபம். நான் என்ன கிழித்தேன்? வாராவாரம் அக்காவிடம் சங்கரா மீன் வாங்கினேன். நாலு பேர் நடுவில் இதைக் கேட்கக் கூடாதென்று நாகரிகம் பார்த்தேன். தூ, என்ன நாகரிகம்!

இரத்தப்போக்கோடு சிதம்பரம் போனபோது நோய் முற்றியிருந்தது. பழைய முடிவைப் பற்றி அக்கா அங்கேதான் தெரிந்துகொண்டார். பார்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பு என்னுது சிஸ்டர். என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

கல்லறையில் கணவர், "எல்லாம் விதி" என்று அழுதார்.

"விதி இல்லங்க. நீங்களும் நானும்தான்" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

கூட்டம் முறைத்தது. மீன் விற்கும் பெண் ஒருவர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "போன வாரம் எனக்கும் எடுத்தீங்கல்ல சிஸ்டர்? எங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணாதீங்க. மார்க்கெட்டுக்கு வந்து என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. எவ கேட்டா எனக்கென்ன?"

அவரிடம் சத்தமாகவே சொல்வேன், லூர்து மேரி அக்கா. உங்களிடம் சொல்லாமல் விட்டதற்கு என்னை மன்னிக்க வேண்டாம். போய் வாருங்கள்.