முருகேசன் கடை ஸ்டாப்

முருகேசன் அண்ணன் இன்று விடியற்காலை போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவர்... ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆந்திர எல்லையில் நகரி பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு அவரைத் தெரியாவிட்டாலும் அவர் பெயர் தெரிந்திருக்கும். எங்கள் ஊர் ஸ்டாப்புக்கே "முருகேசன் கடை" என்றுதான் பெயர். உயிரோடு இருக்கும்போதே ஊருக்குப் பெயரானவர். அதில் துளியும் சந்தோஷப்படாதவரும் அவர்தான்.

ஊரின் நிஜப் பெயர் எல்லாயி மேடு.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு துண்டு நிலம்கூட இல்லாத காலத்தில் ஆற்றோரம் குடிசை போட்டிருந்தார்களாம். வெள்ளம் வந்தபோது எல்லோரும் ரோட்டுப் பக்கம் ஓட, கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எல்லாயி என்ற பெண் குறுக்கே நின்று மறித்திருக்கிறாள். தான் ஆடு மேய்க்கிற மேட்டுக்கு அத்தனை பேரையும் ஏற்றிவிட்டாள். ரோடு முழுகியது, மேடு முழுகவில்லை. தண்ணீர் வடிந்த பிறகும் யாரும் இறங்கவில்லை, அங்கேயே ஊராகிவிட்டது.

ரொம்ப வருஷம் கழித்து ரோட்டோரம் பட்டா கிடைத்துக் கீழே வந்தோம். முதலில் வந்தது அண்ணனின் டீக்கடை. கண்டக்டர்களுக்கு அதுதான் அடையாளம். "முருகேசன் அங்கடி... திகண்டி, திகண்டி" என்று தெலுங்கில் கூவி இறக்கிவிடுவார்கள். இப்போது போன் மேப்பிலும் அதேதான்.

எல்லாயி என்றால் எல்லையம்மன்தான், சும்மா கதை கட்டுகிறார் என்று சிலர் சீண்டுவார்கள். அந்த ஒரு பேச்சுக்குத்தான் அண்ணனுக்குக் கோபம் வரும்.

"சாமி பேரு வெச்ச ஊரு ஆயிரம் கீது. இது கூலிக்குப் போன பொம்பள பேரு. அத்த நான் வுட மாட்டேன்" என்பார்.

நான் ஏர்பேடு பக்கம் கம்பெனி வேலைக்குப் போய் வந்த சமயம். ஒருநாள் நகரியில் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம்.

"எல்லாயி மேடு ஒண்ணு" என்றார். கண்டக்டர் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு ஸ்டாப்பே கிடையாது என்று தெலுங்கில் சொன்னார். அண்ணன் தன் பெயரைச் சொல்லாமல் அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்தார்.

அவர் கடை வாசலிலேயே பஸ் நின்றது, நான் இறங்கினேன். எழுந்திருக்கவே இல்லையே அந்த மனுஷன்... அடுத்த ஊரில் இறங்கி, வெயிலில் நடந்து வந்து கடையைத் திறந்தார். டீக்காகக் காத்துக் கிடந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து திட்டினோம். சிரித்துக்கொண்டே பாய்லரைப் பற்றவைத்தார்.

அப்புறம் கடை போர்டில் இருந்த தன் பெயரை அழித்துவிட்டு, "எல்லாயி மேடு" என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதிவைத்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முருகேசன் கடைக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். தலையில் அடித்துக்கொண்டார் பாவம்.

ஊரே உங்க பேரைச் சொல்லுது, அதுல என்னண்ணா கஷ்டம் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"அவ அத்தினி உசுர காப்பாத்தனா மா. நான் இன்னா பண்ணேன்? டீ வித்தேன். அவ பேர துன்னுட்டு உக்காந்துகினு கீறேன்."

சொல்லிவிட்டு மறுபடி டீ ஆற்றத் தொடங்கினார்.

இன்று காலை அஞ்சலி பேனர் அடிக்கப் போன இடத்தில், ஊர் பேர் என்ன போடுவது என்று அவர் மகன் பாபு போன் செய்து கேட்டான். எல்லோரும் ஒரே குரலில் எல்லாயி மேடு என்றோம். அண்ணன் போட்டோவுக்குக் கீழே பெரிய எழுத்தில் அதுதான் இருக்கிறது. அதையேதான் வாட்ஸப்பிலும் அனுப்பினோம்.

பத்து மணியிலிருந்து போன் மேல் போன். திருத்தணியிலிருந்து, காளஹஸ்தியிலிருந்து... சொந்தக்காரர்கள் எல்லோரும் பாதி வழியில் நின்றுகொண்டு, எல்லாயி மேடு எங்கே இருக்கிறது, யாரைக் கேட்டாலும் தெரியவில்லை என்கிறார்கள்.

அடுத்து வந்த போனைப் பாபுவே எடுத்தான்.

"முருகேசன் கடன்னு சொல்லி டிக்கெட் வாங்குங்க மாமா. ஸ்டாப்லயே எறக்கி வுடுவாங்க" என்றான். சொல்லிவிட்டு, உள்ளே கிடத்தியிருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எடுக்கிறார்கள். மேட்டில்தான் இடம், அவரே கேட்டு வைத்தது.

கோவிச்சுக்காதீங்கண்ணா... இன்னிக்கு மட்டும் உங்க பேரைச் சொல்லிட்டோம். போய்ட்டு வாங்க.